பதினொன்று நாற்பது பஸ்ஸுக்கு ஒரு விமானம்

எங்கள் ரிசார்ட்டில் பெரியப்பாவுக்கு ‘அரைமணி’ என்று பெயர். விருந்தினர்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டால் ஒரு நேரம் சொல்வார். யோசித்துவிட்டு அதிலிருந்து அரைமணி கழிப்பார். வேன் சாவியைக் கொக்கியிலிருந்து எடுக்கும்போது இன்னொரு அரைமணியையும் கழித்திருப்பார். பத்தொன்பது வருடமாக அந்தப் பதினான்கு இருக்கை வெள்ளை வேனை அவர்தான் ஓட்டுகிறார். அவர் வேனில் ஏறிய ஒருவரும் இதுவரை விமானத்தைத் தவறவிட்டதில்லை. காதுக்குப் பின்னால் சோப்பு நுரையோடு வந்து ஏறியவர்கள் உண்டு. ஒருவர் ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் ரிசார்ட் செருப்புமாகத் தன் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

நான் அதே ரிசார்ட்டில் பயண மேசையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். சுற்றுலா மேலாண்மையில் பட்டம். அதை வைத்துக்கொண்டு எனக்கு உருப்படியாக என்ன தெரியும் என்று எனக்கே அடிக்கடி சந்தேகம் வரும். வீட்டில் யாருக்கும் அந்தச் சந்தேகம் கிடையாது. வங்கிப் படிவம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மிக்ஸிக்கு வந்த உத்தரவாத அட்டை எல்லாம் என் கைக்குத்தான் வரும். பெரியப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாலு வருடமாகிறது. ‘பட்டதாரி’ என்பார். பாராட்டா கிண்டலா என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதனால் அக்காவும் எனக்குத்தான் போன் செய்தாள்.

அக்கா பெரியப்பாவின் ஒரே மகள். கடலுக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டில், விமானத்தில் ஐம்பது நிமிடம் போனால் வருகிற நகரத்தில் இருக்கிறாள். ஹோட்டல் வேலைக்கென்று போனவள். ஒரு வருடம் ஹோட்டலில் படுக்கை விரித்தாள். பிறகு யாருக்கும் சொல்லாமல் லைசென்ஸ் எடுத்து, பயிற்சி முடித்து, நகரப் பேருந்தில் டிரைவராகச் சேர்ந்துவிட்டாள். நீலச் சட்டை போட்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற படத்தை அனுப்பினாள். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“வண்டி ஓட்டறவனுக்கு ஆறிப்போன சோறுதான். இது என்னோட போகட்டும்னு நெனச்சேன்” என்றார்.

அதோடு சரி. எட்டு மாதமாக மகளிடம் அவர் பேசியது இரண்டே வாக்கியம்தான். ஒன்று, ‘சாப்பிட்டியா’. இன்னொன்று, ‘இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்’.

“இந்த மாசம் எனக்கு ஏர்போர்ட் ரூட் போட்டிருக்காங்க” என்றாள் அக்கா. “மாசக் கடைசியில மாத்திருவாங்க. அப்பா ஒரே ஒரு தடவை என் பஸ்ல ஏறி உக்காரணும். எதுவும் பேச வேணாம். பாராட்ட வேணாம். உக்காந்தா போதும்.”

“அதுக்கு அவரு ஃப்ளைட்ல வரணுமேக்கா.”

“அதுக்குத்தானே உன்னைப் படிக்க வச்சாங்க.”

பெரியப்பாவிடம் சொன்னபோது வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்தார். மறுபடி துடைத்தார். கடைசியில், “லீவு ஒரு நாளைக்கு மேல தர மாட்டாங்க” என்றார்.

நான் முகம் தொங்கிப்போய் பெரியம்மாவிடம் வந்தேன். பெரியம்மா துணி மடித்தபடியே சொன்னாள்: “அசடு. வரேன்னு சொல்லியிருக்காரு. முப்பது வருஷமா இந்த பாஷையிலதான் குடும்பம் நடத்தறேன்.”

“நீங்களும் வாங்க பெரியம்மா.”

“எதுக்கு? அப்பனும் மகளும் மொறைச்சிக்கறதைப் பாக்கவா? அதை நான் இங்க இருந்தே பாத்தாச்சு. நீ கூடப் போ. படிவம் நிரப்ப ஆள் வேணும்ல.”

திட்டம் போடுகிற வேலை தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள்தான் அந்த விமானம். காலையில் போய் மாலையில் திரும்பலாம். அக்காவுக்குக் காலை ஷிப்ட். விமான நிலையத்திலிருந்து அவள் வண்டி எடுப்பது பதினொன்று நாற்பதுக்கு ஒரே ஒரு நடைதான். அதுவே ஷிப்டின் கடைசி நடை. நகரத்துக்குப் போய் ஆட்களை இறக்கிவிட்டு பஸ்ஸை டிப்போவில் விட்டுவிடுவாள். ஆக, அந்தப் பஸ்ஸை விட்டால் அன்றைக்கு அவள் ஓட்டுகிற பஸ் வேறு கிடையாது. பெரியப்பாவுக்கு வேறு நாளும் கிடையாது.

கம்ப்யூட்டரில் நான் வண்ணம் போட்ட கட்டங்களாக ஓர் அட்டவணை தயார் செய்தேன். எட்டு பத்துக்கு விமானம். ஐம்பது நிமிடப் பயணம். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் அங்கே இறங்கும்போது மணி பத்து. பத்து நாற்பதுக்குள் வெளியே வந்துவிடலாம். பஸ்ஸுக்கு முழுசாக ஒரு மணி நேரம் இருக்கும். மாலை ஆறரைக்குத் திரும்பும் விமானம். அச்சடித்து எடுத்துப் போனேன்.

பெரியப்பா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் கீழிருந்து மேலாகக் கணக்குப் போட்டார். பஸ்ஸுக்கு ஒரு அரைமணி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற இடத்துக்கு ஒரு அரைமணி, கூட்டம் இருந்தால் ஒரு அரைமணி, மழை பெய்தால் ஒரு அரைமணி. விமானத்துக்கும் ஒரு அரைமணி கழித்தார். பேனாவை மூடினார்.

“முந்தின நாளே போயிருக்கணும் போலிருக்கே.”

“மழை பெய்யாது பெரியப்பா.”

“நீ படிச்சதுல அதுவும் வருதா?” என்றார். பிறகு, “ஓட்டறவர் யாரு?”

“பைலட்டா? தெரியாது.”

“டிக்கெட் எடுக்கறப்ப கேக்கறது இல்லையா?”

“அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க.”

“நம்ம வேன்ல ஏர்றவங்க கேக்கறாங்களே, எத்தனை வருஷ சர்வீஸ்னு. நாலு கிலோமீட்டர் ரோட்டுக்குக் கேக்கறாங்க. அவரு ஆகாசத்துல கொண்டு போறாரு.”

ஏன் யாரும் கேட்பதில்லை என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. பரீட்சையில் வந்திருந்தால் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பேன்.

“நடுவுல எங்கயாவது நிப்பாட்டுவாரா?”

“நடுவுல கடல் பெரியப்பா.”

“அது தெரியும். சும்மா கேட்டு வச்சிக்கிட்டேன்.”

அந்த நாள் வந்தது. லீவு போட்ட அன்றும் அவர் வேனை விடவில்லை. அதே விமானத்துக்கு நாலு விருந்தினர் போக வேண்டியிருந்தது. “போற வழிதானே” என்று அவர்களையும் ஏற்றிக்கொண்டார். வாசலில் இறக்கி, பெட்டிகளை எடுத்துக் கொடுத்து, கையசைத்து அனுப்பிவிட்டு, சாவியை அடுத்த டிரைவரிடம் ஒப்படைத்தார். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே உள்ளே நுழைந்தார்.

அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாத தூண் கிடையாது. ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததே இல்லை. காவலர்கூட, “என்ன அரைமணி, யாராவது எதையாவது மறந்துட்டாங்களா?” என்று கேட்டார். பெரியப்பா பாஸ்போர்ட்டைக் காட்டினார். எப்போதோ கம்பெனி எடுக்கச் சொல்லி எடுத்தது. ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவில் புதுசாகவே கிடந்தது. காவலர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு அவரைத் தேர்வுக்குப் போகிற பிள்ளை மாதிரி அனுப்பிவைத்தார்.

விமானத்தில் எங்கள் நாலு விருந்தினரும் முன்வரிசையில் இருந்தார்கள். இரண்டு மணி நேரம் முன்பு தங்களை இறக்கிவிட்ட டிரைவர் படியேறி உள்ளே வருவதைப் பார்த்ததும் ஓர் அம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. கணவரிடம் ஏதோ கேட்டார். அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், “இதையும் இவர்தான் ஓட்டப் போகிறாரா?” என்றார். நான் பெரியப்பாவுக்கு அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விமானி அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, “அவரு வந்துட்டாரான்னு மொதல்ல கேளு” என்றார்.

விமானம் எழும்பியபோது நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அதுதான் முதல் தடவை. தினமும் இருபது பேருக்கு டிக்கெட் போடுகிறவள், எந்த இருக்கை வசதி என்று ஆலோசனை சொல்கிறவள், காது அடைக்கும் என்று தெரியாமல் செவிடாகிவிட்டேனோ என்று பயந்தேன். பெரியப்பா ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கீழே நீலம் தவிர ஒன்றும் இல்லை. “ரோடு நல்லா இருக்கு” என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

பத்து மணிக்கு இறங்கினோம். முத்திரை குத்தும் இடத்தில் ஓர் அதிகாரி அம்மா. பெரியப்பாவுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

“என்ன விஷயமாக வந்திருக்கிறார்?”

“பஸ்ல போக” என்றார் பெரியப்பா.

“எங்கே போக?”

“அது போற எடத்துக்கு.”

“எங்கே தங்குகிறார்?”

“தங்கல. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவோம்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “பஸ்ஸில் போவதற்காக விமானத்தில் வந்திருக்கிறாரா?”

“அந்த பஸ் எங்க ஊர்ல இல்லம்மா, சொல்லு” என்றார் பெரியப்பா.

இதைச் சொல்லலாமா கூடாதா என்று நான் தடுமாறினேன். உண்மையாக மொழிபெயர்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது. கடைசியில் முழுக்கதையையும் சொன்னேன். மகள், நீலச் சட்டை, எட்டு மாதம், எல்லாம். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி முத்திரையை ஓங்கிக் குத்தினார். சீக்கிரம் போங்கள் என்று கையைக் காட்டினார்.

பத்து முப்பத்தைந்துக்கே வெளியே வந்துவிட்டோம். என் அட்டவணையைவிட ஐந்து நிமிடம் முன்னால். எனக்கு அப்படி ஒரு பெருமிதம்.

“பெரியப்பா, நான் போய் பஸ் டிக்கெட் எடுத்துட்டு வரேன். இந்த இடத்தை விட்டு நகராதீங்க.”

“நான் எங்க போகப்போறேன்?”

டிக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் நீண்ட வரிசை. என் முறை வந்தபோது அதற்குப் பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. பின்னால் நின்ற பள்ளிக்கூடச் சிறுமி அழுத்திக் கொடுத்தாள். பதினொன்றுக்குத் திரும்பி வந்தால் நான் விட்ட இடத்தில் பெரியப்பா இல்லை. கழிவறைப் பக்கம் தேடினேன். நாற்காலிகளில் தேடினேன். கடைசியில் கண்ணில் பட்டார். வருகிறவர்களை அழைத்துப்போக டிரைவர்கள் நிற்பார்களே, அந்தக் கம்பிக்குப் பின்னால், எட்டுப் பேர் வரிசையில் ஆறாவது ஆளாக, மார்புக்கு நேராக ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அட்டையில் யாரோ ஒருவரின் மிக நீளமான பெயர்.

“பெரியப்பா, இங்க என்ன பண்றீங்க?”

“பயணிங்களோட நிக்க ஒரு மாதிரி இருந்தது. இங்க வந்து நின்னேன். பக்கத்துல நின்னவரோட வண்டியை எடுக்கச் சொல்லி விசில் அடிச்சாங்க. இதை என் கையில குடுத்துட்டுப் போனாரு.” ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். “அஞ்சு நிமிஷம்.”

“நீங்க டிரைவர்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார்.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் இது எழுதாத சட்டம். ஒரு டிரைவர் அவசரமாக நகர வேண்டியிருந்தால் பக்கத்தில் நிற்பவர் அவருடைய பெயர் போர்டை வாங்கிக்கொள்வார். கையில் வாங்கிவிட்டால் அந்த விருந்தினர் அவருடைய விருந்தினர். உரியவர் திரும்பி வரும்வரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. இந்த ஊரிலும் அதே சட்டமா என்று பெரியப்பா யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பாஷையும் இல்லை.

பதினொன்று பத்து. பதினொன்று இருபது. போர்டுக்காரரைக் காணோம். கதவு திறந்து ஒரு வயதான தம்பதி மூன்று பெட்டிகளோடு வந்தார்கள். போர்டைப் பார்த்து முகம் மலர்ந்து நேராகப் பெரியப்பாவிடம் நடந்தார்கள். பெரியப்பா தலைசாய்த்து வரவேற்று, தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டார். பத்தொன்பது வருடப் பழக்கம். கை தானாகவே போனது.

வெளியே கொண்டுவந்து நடைபாதை ஓரம் நிறுத்தினார். அங்கேதான் பஸ் நிறுத்தமும்.

“பெரியப்பா, போர்டை என்கிட்ட குடுங்க. நான் நிக்கறேன். நீங்க பஸ்ல ஏறுங்க.”

“அவரு என் மூஞ்சியைப் பாத்துக் குடுத்தாரு. வந்து என் மூஞ்சியைத்தான் தேடுவாரு. இவங்களும் ஊருக்குப் புதுசு. பத்து நிமிஷத்துல மூணு மூஞ்சி காட்டினா பயந்துருவாங்க.”

“இதுக்காகவா கடல் தாண்டி வந்தோம்?”

பெரியப்பா கழுத்தை நீட்டிச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

பதினொன்று முப்பத்தாறுக்கு பஸ் வந்து நின்றது. அக்கா. படத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். கதவுகள் திறந்தன, ஆட்கள் ஏறினார்கள். அவள் இருக்கையிலிருந்தே முன்கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் போர்டைப் பார்த்தாள். தள்ளுவண்டியைப் பார்த்தாள். அந்தத் தம்பதியைப் பார்த்தாள்.

“அப்பா, ஏறுங்க.”

“இவங்களுக்கு வண்டி வரலம்மா.”

“இவங்க யாரு?”

“தெரியல.”

“போர்டு யாரோடது?”

“அதுவும் தெரியல. ஒருத்தர் குடுத்துட்டுப் போனாரு.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டிக்கெட்டுகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு வடிந்தது. டேஷ்போர்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எனக்கு நேரமாச்சுப்பா.”

“எடு” என்றார் பெரியப்பா.

கதவுகள் மூடின. பதினொன்று நாற்பது. பஸ் மெதுவாக நடைபாதையை விட்டு விலகி, ஒரு லாரிக்கு வழிவிட்டு, வளைவில் திரும்பி மறைந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை கட்டம் போட்டேன், எத்தனை வண்ணம். நேரம் தவறவில்லை, விமானம் தவறவில்லை, மழைகூடப் பெய்யவில்லை. கணக்கில் எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன். பெரியப்பா எப்படிப்பட்ட ஆள் என்பதை மட்டும் சேர்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து கூடவே இருப்பவரைப் பற்றி இது தெரியாத நான் எதைப் படித்தேன்?

“பாத்தியா?” என்றார் பெரியப்பா, பஸ் போன திசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பாத்தேன். போயிடுச்சு.”

“அது இல்ல. எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடியை ரெண்டு தடவை பாத்தா. லாரியை விட்டுட்டு அப்புறம் எடுத்தா. என்னைப் பாத்துட்டு இருந்தவ, எடுக்கறப்ப என்னைப் பாக்கல.”

எட்டு மாதத்தில் மகளைப் பற்றி அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதைக் கேட்க மகள் அங்கே இல்லை.

பதினொன்று நாற்பத்துநாலுக்கு போர்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியப்பா தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, நாலு விரல் நீட்டி, பிறகு ஸ்டீயரிங் திருப்புகிற மாதிரி சைகை செய்து சாலையைக் காட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ, கண் கலங்கிவிட்டது. அவரும் டிரைவர்தானே.

அப்புறம் நானும் பெரியப்பாவும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பெரியம்மா கட்டிக் கொடுத்த அவித்த முட்டைகளைத் தின்றோம். ஒரு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

“இன்னும் அங்கதான் நிக்கறாரா?”

“போர்டு போயிடுச்சு. பெஞ்சுல உக்காந்திருக்காரு.”

“எங்கயும் போக விடாத. வேற யாராவது எதையாவது நீட்டினா வாங்க விடாத. வரேன்.”

இரண்டு மணிக்கு நகரத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து சாதாரணப் பயணியாக இறங்கினாள். நேராக வந்து அவர் முன்னால் நின்றாள்.

“முன்ன பின்ன தெரியாத ஒருத்தருக்காக என் வண்டியை விட்டுட்டீங்கல்ல?”

“நீயும்தான் விட்டுட்டுப் போன.”

“நாப்பது பேரை வச்சிட்டு நிக்கச் சொல்றீங்களா?”

“யாரு சொன்னா? நின்னிருந்தா வண்டியை எடுன்னு நானே திட்டியிருப்பேன்.” பையிலிருந்து டப்பாவை எடுத்தார். “சாப்பிட்டியா?”

நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அம்மாவிடம் கொடுக்க இங்கே அம்மா இல்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முட்டைகளைத் தின்றாள். பெரியப்பா உப்புப் பொட்டலத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என் ரூமைப் பாத்துட்டுப் போங்க. நாப்பது நிமிஷம்தான்” என்றாள் அக்கா.

பெரியப்பா மனதுக்குள் கழிக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது. “ஆறரைக்கு ஃப்ளைட். அவ்வளவு தூரம் முடியாது. நாலு ஸ்டாப் வரைக்கும் வரேன். எறங்கித் திரும்பிடணும்.”

இரண்டு பத்து பஸ்ஸில் ஏறினோம். ஓட்டியவன் ஒல்லியான வாலிபன். அப்பாவும் மகளும் அவனுக்குப் பின்னால் முதல் இருக்கையில். நான் அவர்களுக்குப் பின்னால். முதல் வளைவு வந்தது. இரண்டு பேரின் வலது கால்களும் ஒரே நேரத்தில் தரையை அழுத்தின.

“பிரேக்கைக் கடைசியில அமுத்தறான்” என்றார் பெரியப்பா.

“புதுசுப்பா. போன வாரம்தான் சேர்ந்தான்.”

“நீ சொல்லக்கூடாதா?”

“சொன்னேன். தலையை ஆட்டறான்.”

“தலையை ஆட்டறவன் கேக்க மாட்டான். எங்க வேன்ல ஒருத்தன் இருந்தானே...”

இரண்டாவது நிறுத்தம், மூன்றாவது நிறுத்தம். பெரியப்பா ஆறிப்போன சோற்றைப் பற்றிக் கேட்டார். டிப்போவில் சுடவைக்க இயந்திரம் இருக்கிறது, இரண்டு நிமிடம் என்றாள் அக்கா. அதை நம்பாமல் மறுபடி கேட்டார். நாலாவது நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. திட்டம் போட்டவள் என்ற முறையில் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கதவு மூடிக்கொண்டது.

“உன் வண்டி இதைவிடப் பெருசா?”

“இதே நீளம்தான். கண்ணாடிதான் பெருசு.”

“அடுத்த மாசம் எந்த ரூட்டு?”

“இன்னும் போடல.”

“போட்டதும் இந்தப் பட்டதாரிகிட்ட சொல்லு” என்றார் பெரியப்பா, என் பக்கம் தலையைச் சாய்த்து. இரண்டு பேரின் கால்களும் மறுபடி தரையை அழுத்தின. “நேரம் பாத்து வைக்கட்டும். லீவு ஒரு நாளைக்கு மேல தர மாட்டாங்க.”